ஏரியைத் தவிர எல்லா இடத்திலும்

ஃபின்லாந்தில் நான் வேலை பார்க்கும் ஊரில் இந்த வருடம் ஏரி தாமதமாக உறைந்தது. மார்கழி பிறக்கும்வரை தண்ணீர் திறந்தே கிடந்தது. உறைவதற்கு முன் படகைக் கரையேற்றிவிட வேண்டும். என்னுடையது ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன பிளாஸ்டிக் துடுப்புப் படகு. அதில் உட்கார்ந்து தூண்டில் போடுவதைத் தவிர அங்கே எனக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் தண்ணீரின் வெப்பத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். கடைசி முறை பார்த்தபோது இரண்டு டிகிரி இருந்தது. அந்தத் தண்ணீரில் விழுந்தால் கை கால் நம் பேச்சைக் கேட்காது. அதனால் மிதவைச் சட்டை போடாமல் அங்கே யாரும் படகில் கால் வைப்பதில்லை.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து படகைக் கழுவி, கவிழ்த்து, தார்ப்பாய் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது என் தங்கை வசந்தி போன் செய்தாள்.

"அண்ணே, அவரக் காணோம்."

அவள் கணவர் ஏழுமலை. செஞ்சியை அடுத்த வல்லம் பக்கம் ஒரு கிராமம். ஊர் ஏரியில் மீன் பிடிப்பார், ஏரி வற்றிய மாதங்களில் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கப் போவார். ஐயப்பனுக்கு மாலை போட்டு விரதத்தில் இருந்தார். அன்று விடியற்காலையில் பம்புசெட்டில் குளித்துவிட்டு வருகிறேன் என்று போனவர், திரும்பி வரவில்லை. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"எல்லா எடத்துலயும் தேடிட்டாங்கண்ணே" என்றாள்.

எனக்கு அப்பா அம்மா இல்லை. அவளுக்கும் பிறந்த வீடு என்று நான் ஒருவன்தான். கிளம்பிவிட்டேன்.

புதன்கிழமை காலை திண்டிவனத்தில் செஞ்சி பஸ் ஏறினேன். பாதி வழியில் டயர் பஞ்சர். கண்டக்டர் எல்லாரையும் இறக்கிவிட்டார். ஸ்டெப்னியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுலயும் காத்து இல்ல. பின்னால வர்ற வண்டில ஏத்தி வுடறேன்" என்றார்.

கீரைக்கட்டுகளோடு இறங்கிய ஒரு பெண் விடவில்லை. "காலைலயே பாத்து எடுக்க மாட்டீங்களா? இன்னா வண்டி ஓட்டறீங்க?"

"யம்மா, நான் டிக்கெட் குடுக்கறவன். ஓட்டறது அவுரு. அவுரக் கேளு."

டிரைவர் வேறு பக்கம் திரும்பி பீடி பற்றவைத்துக்கொண்டார்.

ஃபின்லாந்தில் பஸ் நின்றால் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்போம். இங்கே அடுத்த பஸ் வருவதற்குள் நான் யார், எங்கிருந்து வருகிறேன், எதற்கு வருகிறேன் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள். கீரைக்காரப் பெண் உச்சுக் கொட்டினாள். வெற்றிலை போட்டிருந்த ஒருவர் மட்டும் திடமாகச் சொன்னார்: "மால போட்டவரா? அப்ப பயப்படாதீங்க சார். சாமி கூட இருக்குது. மனசு எங்கனா இழுத்திருக்கும், கோயில் கோயிலாப் போயிருப்பாரு."

எனக்கு அந்த நேரத்தில் அது ஆறுதலாக இருந்தது. இந்தப் பேச்சை அடுத்த இரண்டு நாள்களில் பல வாயில் கேட்டேன். போகப் போக அதில் ஆறுதல் குறைந்தது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டேன். வடை எண்ணெயில் ஊறியிருந்தது. டீ நன்றாக இருந்தது. கோட்டை மலைகளின் மேல் மேகம் உட்கார்ந்திருந்தது. மழை ஓய்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது. டவுன் பஸ்ஸில் போகும்போது இருபுறமும் வயல்களில் தண்ணீர் நின்றது. ஊருக்குள் நுழையும் ரோடு ஏரிக்கரை மேலேயே போகிறது. ஏரி நிரம்பிக் கிடந்தது. நடுவில் கருவேல மரங்களின் உச்சிகள் மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தன. வறண்ட காலத்தில் ஏரிக்குள் நட்டு வளர்ந்த மரங்கள். பஸ்ஸில் இருந்த யாரும் ஏரியைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். மீன் பிடிக்கிறவன் தண்ணீரைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தேன், வேறு எண்ணம் இல்லை.

வசந்தி வாசலிலேயே நின்றிருந்தாள். அழவில்லை. "மொகம் கழுவிக்கினு வா, சாப்புடு" என்றாள். கத்திரிக்காய் சாம்பார், கீரைக் கூட்டு, அப்பளம். மாலை போட்டவர் வீட்டில் மீன், கறி எதுவும் அடுப்பில் ஏறாது. விடியும் முன் குளித்துவிட்டுத்தான் சமைக்க வேண்டும். அவர் காணாமல் போன பிறகும் அவள் அதை விடவில்லை. மார்கழிக் குளிரில் ஈரத் தலையோடு சமைத்து, முதல் சோற்றை அவர் சாப்பிடும் தட்டில் எடுத்து மூடி வைத்திருந்தாள்.

"வெரதத்த நான் வுட்டுட்டேன்னா அவரு இல்லன்னு ஆயிடும்" என்றாள்.

மகள் சென்னையில் நர்சிங் படிக்கிறாள். பரீட்சை நடந்துகொண்டிருந்தது, அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். "நைனா போனே எடுக்க மாட்டேங்குது" என்றாள் மகள்.

"வெரதத்துல இருக்குது இல்ல, போன் தொடறது இல்லன்னு சொல்லிச்சு. நீ படி" என்றாள் வசந்தி. குரல் கொஞ்சமும் மாறவில்லை.

சாயங்காலம் பிள்ளையார் கோயிலில் பஜனை. மாலை போட்ட பதினோரு பேர் அங்கே இருந்தார்கள். கறுப்பு வேட்டி, வெறுங்கால். எல்லாரும் ஏழுமலைக்குப் பங்காளிகள், ஒரே வகையறா. அவர்களை மலைக்கு அழைத்துப் போகிறவர் கோவிந்தன் குருசாமி, ஏழுமலையின் பெரியப்பா மகன். நெற்றி நிறைய விபூதி, மெதுவான பேச்சு. என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, நல்லதையே நெனைங்க. கெட்டத வாயால சொல்லாதீங்க. நாங்க வெள்ளிக்கெழம கட்டு கட்டிக் கெளம்பறோம். ஏழுமல நேரா மலைக்கே வந்து எங்ககூட சேந்துக்குவான், பாருங்க" என்றார்.

"நீங்க போறதுக்குள்ள கிடைக்கலன்னா?" என்று கேட்டேன்.

"வந்து பாத்துக்கலாம் சாமி."

வந்து என்றால், மலைக்குப் போய்விட்டு வந்து.

வியாழக்கிழமை காலை குருசாமியோடு போலீஸ் ஸ்டேஷன் போனேன். புகாரை முன்பே கொடுத்திருந்தார்கள். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பொறுப்பாகத்தான் கேட்டார்: வீட்டில் சண்டையா, உடம்புக்கு ஏதாவதா, கிணறு ஏரி எல்லாம் பார்த்தீர்களா. நான் வாயைத் திறப்பதற்குள் குருசாமி சொன்னார்: "மால போட்டவரு சார். ஏரிப் பக்கம் அவருக்கு இன்னா வேலை? மீனு கவுச்சி ஆவாதுன்னு வலை, தெப்பம் எல்லாத்தையும் கூட்டாளிகிட்ட குடுத்துட்டாரு."

ஏட்டு தலையாட்டினார். அவருடைய வீட்டிலும் யாரோ மாலை போட்டிருந்தார்களாம்.

அப்போது பஜாரிலிருந்து ஒருவர் குருசாமிக்குப் போன் செய்து, கறுப்பு வேட்டியில் ஒருத்தர் தனியாகக் கோட்டை மேல் ஏறுகிறார் என்றார். ராஜகிரி அடிவாரத்துக்கு ஓடினேன். படிகள் மழையில் வழுக்கின. பாதி ஏறியதும் மூச்சு வாங்கியது. ஒரு குரங்கு என் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. மேலே கறுப்பு வேட்டிக்காரர் ஒரு பாறையில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். ஆரணிக்காரர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா சாமி, யாரனா தேடறீங்களா?" என்று ஒரு பழத்தை நீட்டினார். போட்டோவைக் காட்டினேன். பார்த்ததில்லை என்றார். அந்தப் பழத்தைச் சாப்பிட்டேன். காலையிலிருந்து வேறு எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

மேலிருந்து பார்த்தால் செஞ்சியைச் சுற்றி ஏரிகளாகத் தெரிகின்றன. எங்கே திரும்பினாலும் தண்ணீர் மின்னுகிறது. அங்கேதான் எனக்கு முதல்முறையாக உறைத்தது. மேல்மலையனூர் போய்ப் பார்த்திருக்கிறார்கள். திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை முழுக்கத் தேடியிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டுகளில் போட்டோ ஒட்டியிருக்கிறார்கள். வாழ்நாளெல்லாம் ஏரியில் கிடந்த ஒரு மனிதரை, அந்த ஏரியில் மட்டும் யாரும் தேடவில்லை.

ஊர் திரும்பி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். தட்டிக்கு வெளியே நான் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

"ஏன்டா, ஏரில ஒரு தபா பாத்துட்டாதான் இன்னா?"

"உனுக்கு வேற வேலை இல்ல? பொணம் கெடச்சிதுன்னா பங்காளி தீட்டு. பதினோரு பேரும் மாலையக் கழட்டணும். நாப்பது நாளு பச்சத் தண்ணில குளிச்சிட்டு, கெளம்பற அன்னிக்கிக் கழட்டுவானா?"

"அதுக்கு?"

"காதுல வுழாத வரைக்கும் தீட்டு இல்ல. போய்ட்டு வந்துடட்டும்."

"பாவம்டா அந்தப் பொம்பள."

"பாவம்தான். ஆனா நாளைக்கி இன்னா பேசுவாங்க தெரியுமா? ஏழுமல ஒருத்தனால பதினோரு பேரு வெரதம் நாசமாச்சுன்னு காலத்துக்கும் பேசுவாங்க. அதுவும் அந்தப் பொம்பளதான் கேக்கணும்."

டீ ஆறிவிட்டது. குடிக்காமல் எழுந்தேன். அங்கேயிருந்து வீட்டுக்குப் போகும் தெருமுனையில் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். வலது கையில் பெரிய துணிக்கட்டு. ஏழுமலையின் கூட்டாளி சேகர். இருவரும் ஒரே தெப்பத்தில் பல வருடம் மீன் பிடித்தவர்கள். முந்தின நாளே அவரைப் பார்க்கப் போனேன், காய்ச்சல் என்று மனைவி சொல்லியனுப்பிவிட்டாள்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். ஏரிக்கரை வரை நடந்தார். நானும் போனேன். மதகுக்குப் பக்கத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தபடிதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சேகர் தனியாக வலை விட்டிருக்கிறார். அப்போது கருவேல முள் உள்ளங்கையில் ஏறி, இரவோடு இரவாகக் கை வீங்கிவிட்டது. காலையில் தெப்பம் தள்ள முடியாது. வலையில் விழுந்த மீனை அப்படியே விட்டால் செத்து நாறும், அத்தனை மீனும் வீண். வேறு யாரிடமும் கேட்க முடியாது, அடுத்த தெப்பக்காரன் மீனைத் தன் கூடையில் போட்டுக்கொள்வான். இதைக் கேட்ட ஏழுமலை ஒரு வழி சொல்லியிருக்கிறார்.

"'வலைய மட்டும் எடுத்துக்கினு வரேன்டா. மீன நான் தொட மாட்டேன். கரைல வந்து நீ கழட்டிக்கோ. வலை எடுத்தா வெரதம் போவாது'ன்னு சொன்னாரு சார். நானும் சரின்னுட்டேன். தொடல இல்ல, போவாது இல்லன்னு எனக்கும் தோணிச்சு."

"அப்புறம்?"

"நான் வரதுக்குள்ள விடிஞ்சிருச்சு. தெப்பம் மட்டும் கோரைல ஒதுங்கி நின்னுது. மேல பாதி வலை சுருட்டி இருக்குது. ஒரு மீனக் கூட கழட்டல சார். அப்டியே மாட்டிக்கினு இருந்துது. மீதி பாதி அறுந்து உள்ள இருக்குது."

"நாலு நாளா ஏன் சொல்லல?"

"மால போட்டவர மீனு புடிக்க வச்சு சாவடிச்சிட்டான்னு சொல்வாங்க. சாமி கண்ணக் குத்திடுச்சுன்னு அவரையும் சொல்வாங்க. நீந்திக் கரையேறி, மனசு கேக்காம எங்கனா கோயிலுக்குப் போயிட்டாரோன்னு நெனச்சேன். ரெண்டு தபா நானே போய்ப் பாத்தேன் சார். ஒத்தக் கையில அந்த வலைய இழுக்க முடியல."

அவர் அழுதார். எனக்குக் கோபம்தான் வந்தது. அது யார் மேல் என்று என்னாலேயே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து வசந்தியிடம் சொன்னேன். முதலில் என் மேல் பாய்ந்தாள். "மால போட்டவரு மீனத் தொடுவாராண்ணே? நீயுமா?" பாதி வலை சுருட்டியிருந்தது, ஒரு மீனும் கழற்றப்படவில்லை என்பதைச் சொன்னதும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்டித்தான் பண்ணுவாரு" என்றாள் பிறகு. "அந்த மாதிரி ஒரு கணக்குப் போட்டுக்குவாரு. கோழி வளப்பாரு, அறுக்கறது என்னைய அறுக்கச் சொல்லுவாரு."

போலீசுக்கும் குருசாமிக்கும் இப்போதே சொல்லிவிடலாம் என்றேன்.

"இல்லண்ணே. மொதல்ல நீ பாரு. அங்க இல்லன்னா எதுக்கு அவரு பேரக் கெடுக்கணும்? சேகரால தெப்பம் தள்ள முடியாது. உனக்குப் பழக்கம் இருக்குது இல்ல?"

இருக்கிறது என்றேன்.

வெள்ளிக்கிழமை வெயில் ஏறும் முன்பே வசந்தி, சேகர், நான் மூன்று பேரும் ஏரிக்குப் போனோம். பனி தண்ணீர் மேல் படுத்திருந்தது. பிள்ளையார் கோயிலில் கட்டு நிறைக்கும் சரண கோஷம் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டே இருந்தது.

தெப்பம் என்பது தெர்மாகோல் பலகைகளை அடுக்கி, யூரியா சாக்கு சுற்றி, நைலான் கயிற்றால் கட்டியது. ஒரு கட்டில் அகலம். துடுப்பு கிடையாது. கைக்கு ஒரு அலுமினியத் தட்டு, சாப்பிடுகிற தட்டுதான். மண்டியிட்டு உட்கார்ந்து அதனால் தண்ணீரைத் தள்ள வேண்டும். மிதவைச் சட்டை இருக்கிறதா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. பழக்கத்தில், பையில் கிடந்த தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். இருபத்தொன்று. ஃபின்லாந்தில் நடுக்கோடையில் இந்தச் சூடு வந்தால் பிள்ளைகள் நாளெல்லாம் ஏரியில்தான் கிடப்பார்கள். இந்தத் தண்ணீர் ஆளைக் கொல்லாது என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

"கெடச்சா கையத் தூக்கு" என்றாள் வசந்தி. மதகுக் கல் பக்கம் நின்றுகொண்டாள்.

நான் முன்னால் மண்டியிட்டுத் தட்டால் தள்ள, சேகர் பின்னால் உட்கார்ந்து வழி சொன்னார். இரண்டு பேர் பாரத்தில் தெப்பம் முழங்கால் நனையும் அளவுக்கு அமிழ்ந்தது. என் பிளாஸ்டிக் படகு நான் சொன்னபடி போகும். இது ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு பக்கம் திரும்பியது. சீக்கிரமே வேட்டி, பனியன் எல்லாம் நனைந்தது. காற்று பட்டதும் உடம்பு நடுங்கத் தொடங்கியது. இருபத்தொன்று என்ற எண் உலர்ந்த துணியில் நிற்பவனுக்கு. ஈர வேட்டியோடு, வெறும் வயிற்றில், விடியற்காலைக் குளியலுக்குப் பிறகு இதில் இறங்குகிறவனுக்கு வேறு எண். அதைப் புரிந்துகொள்ள நான் நனைய வேண்டியிருந்தது.

கருவேல மரங்களுக்கு நடுவே சேகர் நிறுத்தச் சொன்னார். அறுந்த வலையின் மிதவைக் கட்டை ஒன்று கிளையில் சிக்கியிருந்தது. தங்கூசி வலை, மெல்லிய நைலான் நரம்பில் பின்னியது, தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. நான் இழுத்தேன். முதலில் மீன்கள் வந்தன. ஜிலேபிகள், ஒரு கட்லா, எல்லாம் ஊதி, கண் வெளுத்து. கையில் நாற்றம் ஏறியது. கை கையாக இழுத்தேன். பிறகு வலை நகரவில்லை. கனத்தது.

"நிறுத்துங்கண்ணா" என்றார் சேகர். அதுவரை சார் என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

தெப்பத்திலிருந்து நழுவித் தண்ணீரில் இறங்கினார். அங்கே கழுத்தளவுதான். நிற்கக்கூடிய ஆழம். ஏழுமலைக்கு நீந்தவும் தெரியும். கறுப்பு வேட்டி முள் கிளையில் சுற்றி, வலை காலைப் பிடித்திருக்கிறது. நான் பார்த்ததை இங்கே எழுதப் போவதில்லை. கழுத்தில் துளசி மணி மாலை இருந்தது. அவ்வளவு போதும்.

சேகர் நல்ல கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "கிளைய ஒடச்சா நழுவி ஆழத்துக்குப் போயிடுவாரு. நான் புடிச்சினு இருக்கேன். நீங்க போய் அண்ணிகிட்ட சொல்லிட்டு, கயிறும் அருவாளும் எடுத்துனு வாங்க."

"உங்களுக்குக் காய்ச்சல்."

"போங்கண்ணா."

நான் கையைத் தூக்கினேன். மதகில் வசந்தி அசையவில்லை. பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. தனியாகத் தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு கரைக்கு வந்தேன். அவள் கிட்டே வந்து கேட்டாள்: "மால இருக்குதா?"

"இருக்குது."

தலையை மட்டும் ஆட்டினாள். அப்போதுதான் வேன் சத்தம் கேட்டது.

ஊரிலிருந்து வெளியே போக அந்த ஏரிக்கரை ரோடு ஒன்றுதான். மாலை, கொடி கட்டிய வேன் சரண கோஷத்தோடு வந்தது. எங்களைப் பார்த்ததும் நின்றது. கோஷம் அடங்கியது. ஜன்னல்களில் பதினோரு முகங்கள். குருசாமி மட்டும் இறங்கி, வெறுங்காலோடு நான்கடி வந்து நின்றார். அதற்கு மேல் கிட்டே வரவில்லை.

"இன்னா மாதா, இங்க நிக்கறீங்க?" என்று வசந்தியைக் கேட்டார், மாலை போட்டவர்கள் பெண்களைக் கூப்பிடும் முறையில்.

நான் சொல்லிவிட வேண்டும் என்றே நினைத்தேன். ஏழுமலை இவர்களுடைய ரத்தம். தூக்குவதற்குத் தோள் வேண்டும். கொள்ளி வைக்கப் பங்காளி வேண்டும். வாயைத் திறந்தேன். வசந்தி என் ஈரக் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"எங்கண்ணன் வெளிநாட்ல ஏரில மீனு புடிக்கற ஆளு, குருசாமி. நம்ம ஏரியப் பாக்கணும்னாரு. மீனு புடிக்கறாங்க."

கணவனைக் காணாத ஐந்தாம் நாள் ஒருத்தி சொல்லும் பதிலா இது? வேனில் யாரும் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. குருசாமி ஏரியைப் பார்த்தார். கருவேல மரங்களுக்கு நடுவே ஒரு தலை மட்டும் தெரிந்தது.

"தண்ணில யாரு?"

"சேகரு. வலை சிக்கிக்கிச்சாம். புடிச்சினு நிக்கறாரு."

"குளுருமே."

"ஆமா. நீங்க கெளம்புனா எங்கண்ணன் போய் ஏத்திக்குவாரு."

குருசாமி என் கையைப் பார்த்தார். செதிலும் வலைநூலும் ஒட்டியிருந்த கை. பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அதில் சந்தேகமில்லை. ஒரு சொல் கேட்டால் போதும், நான் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. கழுத்திலிருந்த மாலையை ஒரு கை பிடித்துக்கொண்டிருந்தது. கழற்றுவதற்கா, காப்பாற்றுவதற்கா என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

"நாங்க போய்ட்டு வரட்டுமா மாதா?" என்றார்.

"போய்ட்டு வாங்க. பதினோரு பேரும் நல்லபடியாப் போய்ட்டு வாங்க. யாரும் யாராலயும் நிக்க வேணாம்."

குருசாமி குனிந்து ரோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஏறினார். வேன் கிளம்பியது. கொஞ்ச தூரம் சத்தமே இல்லை. பிறகு யாரோ ஒருவர் தொடங்க, மற்றவர்களும் சேர்ந்து உரக்கச் சரணம் சொன்னார்கள்.

சேகர் கரையில் வைத்துவிட்டு வந்திருந்த கயிற்றையும் அரிவாளையும் தெப்பத்தில் போட்டேன். சேகர் அங்கே நின்றிருந்தார். தலை கொஞ்சம் ஆடியது போல் இருந்தது.

"ஏன் சொல்ல விடல?" என்று கேட்டேன்.

வசந்தி கையைக் காட்டிச் சும்மா இருக்கச் சொன்னாள். கரை வளைவில் வேன் மறைந்தது. கோஷம் இன்னும் கேட்டது. மெயின் ரோட்டில் ஏறியதும் மங்கியது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"கேக்குதாண்ணே இன்னும்?"

"இல்ல."

"அவுங்களுக்கும் கேக்காது இல்ல?"

"கேக்காது."

அதன் பிறகுதான் மதகுக் கல்லில் உட்கார்ந்தாள். தட்டுகளைக் கையில் மாட்டிக்கொண்டு நான் தெப்பத்தைத் தள்ளினேன். முதுகுக்குப் பின்னால் அவள் கத்தி அழுதாள். ஏழுமலை, ஏழுமலை என்று பேர் சொல்லி அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை.